பெருமாள் மேஸ்திரிக்குச் சொன்ன பதில்

அறையில் சீமையில் படித்துவிட்டு வந்த சர்ஜன் இருந்தார். அவருக்கு உதவியாக இன்னொரு டாக்டர் இருந்தார். தாலி கட்டிய மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இத்தனை பேரையும் விட்டுவிட்டுப் பெருமாள் மேஸ்திரி ஏன் என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க சிஸ்டர்" என்று கேட்டார்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

குழந்தை கொட்டாவி விட்டால், இது சாதாரணக் கொட்டாவிதானா என்று பக்கத்து வீட்டு அம்மாளைக் கூப்பிட்டுக் காட்டுகிறவள் நான். கத்தரிக்காய் வாங்கினால், அவரைக்காய் வாங்கியிருக்கலாமோ என்று வீடு வந்து சேரும்வரை யோசிப்பேன். சேர்ந்த பிறகும் யோசிப்பேன். என் கணவர் சமையலறையில் அரிவாள்மணையின் சத்தம் கேட்ட பிறகுதான், "சரி, முடிவாகிவிட்டது" என்று பேப்பரைப் பிரிப்பார். அப்படிப்பட்டவளிடம் ஒரு மனிதர் தன் உடம்பைப் பற்றிய முடிவைக் கேட்டார். அதைவிட ஆச்சரியம், நான் பதில் சொன்னேன்.

இதை எழுதச் சொன்னது எனக்குப் பின்னால் வார்டுக்கு வந்த ஃபிலோமினா. மூத்திர வியாதிகளுக்கென்று இப்போது தனிப் பிரிவு தொடங்கப் போகிறார்களாம். பழைய ஆண்கள் சர்ஜிக்கல் வார்டில் வேலை செய்தவர்கள் பயிற்சிப் பள்ளியின் ஆண்டு மலருக்கு ஆளுக்கொரு கட்டுரை தர வேண்டுமாம். "ஓய்வு பெற்ற சிஸ்டர்னு போட்டுக்கலாம் அக்கா" என்றாள். எனக்குத் தலையில் ஒரு முடிகூட நரைக்கவில்லை. குழந்தை பிறந்ததும் வேலையை விட்டேன், அவ்வளவுதான். ஆனால் குழந்தையை வைத்துக்கொண்டு இரண்டு வருஷமாக நான் பெறும் ஓய்வை ஃபிலோமினா வந்து பார்த்தால் அந்தச் சொல்லை அவளே அடித்துவிடுவாள்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பெண்கள் குறைவு. அப்பா ராணுவ ஸ்டோரில் அட்டெண்டராக இருந்தார். டீச்சர் வேலைக்குப் போகிறாயா, நர்ஸ் வேலைக்குப் போகிறாயா என்று கேட்டார். டீச்சர் என்றேன். மறுநாள் நர்ஸ் என்றேன். அதற்கு மறுநாள் மறுபடி மாற்றுவதற்குள் அவர் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். படுக்கை விரித்தேன், பாத்திரம் தேய்த்தேன், உடற்கூறு பாடத்தில் நல்ல மார்க் வாங்கினேன். பிறகு என்னை ஆண்கள் சர்ஜிக்கல் வார்டில் போட்டார்கள். மார்க்குக்கும் வார்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது முதல் நாளே தெரிந்தது.

எங்கள் சர்ஜனைப் பெரிய டாக்டர் என்று சொல்வோம். மைசூர்ப் பக்கத்துக்காரர். கன்னடத்தில் பேசுவார், ஆங்கிலத்தில் கோபித்துக்கொள்வார். கோபம் எப்போதாவதுதான் வரும். அவருக்கு ஸ்டிரிக்சர் நோயாளிகள் மேல் தனிப் பிரியம். மூத்திரக் குழாயில் அடிபட்டோ, சீழ் பிடித்தோ தழும்பு விழுந்தால் வழி சுருங்கிக்கொண்டே வரும். கடைசியில் சொட்டுச் சொட்டாக நிற்கும். அதைத்தான் ஸ்டிரிக்சர் என்கிறோம். சனிக்கிழமைதோறும் அவர்களுக்குக் கம்பி போடும் நாள்.

வெளியே நீளமாக ஒரு பெஞ்சு. அதில் ரிடையரான சிப்பாய்கள், ஜட்கா ஓட்டுகிறவர்கள், மில் தொழிலாளிகள், ஒரு பள்ளிக்கூட வாத்தியார் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எப்படி இந்த நோய் வந்தது என்று கேட்டால் அத்தனை பேரும் எங்கிருந்தாவது விழுந்தவர்கள்தான். சைக்கிளில் இருந்து விழுந்தேன், மாமரத்தில் இருந்து விழுந்தேன், படிக்கட்டில் விழுந்தேன் என்பார்கள். நான் அதையெல்லாம் அப்படியே நம்பி, பெங்களூர் ஆண்கள் ஏன் இவ்வளவு விழுகிறார்கள் என்று அம்மாவிடம் கவலைப்பட்டேன். பாதிப் பேர் விழுந்த இடம் வேறு என்று புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர் ஒருநாள் ஜாடையாகச் சொன்னார். அது புரியவே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. புரிந்த பிறகு அந்தப் பெஞ்சைத் தாண்டிப் போகும்போது நான்தான் தலையைக் குனிந்துகொண்டு போவேன்.

கம்பி என்பது நுனி வளைந்த எஃகுக் குச்சி. பருமன் வாரியாக ஒரு வரிசை இருக்கும். கொதிக்க வைத்து எடுத்து, ஆற வைத்து, கிளிசரின் தடவித் தட்டில் அடுக்கித் தர வேண்டியது என் வேலை. திரைக்கு அந்தப் பக்கம் டாக்டரும் டிரஸ்ஸரும். இந்தப் பக்கம் நோயாளியின் தலைமாட்டில் நான். முதல் தடவை ஒல்லியான கம்பியை முதலில் எடுத்து நீட்டினேன். இரக்கம்தான் காரணம். பெரிய டாக்டர் அதை வாங்கவில்லை.

"சிஸ்டர், ஒல்லியானதுதான் வழி தவறும். பக்கத்துச் சதையைக் குத்திக்கொண்டு தனி வழி போட்டுவிடும். தடித்ததுக்கு அந்தப் புத்தி கிடையாது. வழி இருந்தால் போகும், இல்லாவிட்டால் நின்றுவிடும்" என்றார் ஆங்கிலத்தில்.

அவர் தள்ளவே மாட்டார். கம்பியை இரண்டு விரலால் பிடித்து நிமிர்த்தி வைத்து, அதன் சொந்த எடையிலேயே இறங்கும்வரை காத்திருப்பார். "ஸ்வல்ப தடீரி, ஏனூ ஆகல்லா" என்பார். கொஞ்சம் பொறுங்கள், ஒன்றும் ஆகாது என்று அர்த்தம். நோயாளிக்குச் சொல்கிறாரா, கம்பிக்குச் சொல்கிறாரா என்று தெரியாது. தலைமாட்டில் நின்ற நான்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். ஒருமுறை ஒரு கிழவர் படுத்தபடியே, "சிஸ்டர், கம்பி எனக்கா உங்களுக்கா?" என்று கேட்டார்.

பெருமாள் மேஸ்திரி எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தவர். கட்டட மேஸ்திரி. உண்மையிலேயே விழுந்தவர். சாரத்தில் கால் வழுக்கி, கீழே இருந்த குறுக்குக் கட்டையில் கால்கள் இரண்டு பக்கமும் தொங்க விழுந்திருந்தார். பெஞ்சில் அத்தனை பேரும் விழுந்த கதை சொல்வதால் இவர் கதையை யாரும் நம்பவில்லை என்பது இவருக்குப் பெரிய மனக்குறை.

"நான் நெசமாவே விழுந்தவன் சிஸ்டர். சாட்சிக்கு எட்டாளு கூட்டியாறேன். இவனுங்க கூட என்ன ஒண்ணா ஒக்கார வெக்காதீங்க, ஒரே பேஜாரா கீது" என்பார்.

வாத்தியார், "விழுந்ததில என்னப்பா ஒசத்தி தாழ்த்தி? எல்லாருக்கும் அதே கம்பிதானே" என்பார்.

மாதம் ஒருமுறை வந்துகொண்டிருந்தவருக்கு, பிறகு வாரம் ஒருமுறை தேவைப்பட்டது. கம்பி போட்ட அன்று ராத்திரி குளிர்ஜுரம் வரும். மறுநாள் வேலைக்குப் போக முடியாது. அவர் போகாவிட்டால் அவரை நம்பியிருக்கும் சித்தாள்களுக்கும் வேலை இல்லை. அந்தச் சமயத்தில்தான் பெரிய டாக்டர் புது ஆபரேஷனைத் தொடங்கினார். இரண்டு கட்டமாகச் செய்வது. முதல் கட்டத்தில், சுருங்கிய இடத்தைக் கீழ்ப்பக்கமாக நீளத்துக்குத் திறந்து, பக்கத்துத் தோலை இரண்டு ஓரத்திலும் இழுத்துத் தைத்துவிடுவார். மூத்திரம் விதைப்பைக்குக் கீழே திறந்த வழியாகவே போகும். உட்கார்ந்துதான் போக வேண்டும். சில மாதம் ஆறவிட்டு, இரண்டாம் கட்டத்தில் அந்தத் தோலையே குழாயாகச் சுருட்டி மூடுவார்.

இதை மேஸ்திரிக்குத் தமிழில் சொல்லும் பொறுப்பு என்னுடையது. காது சிவந்து, கண்ணை ஜன்னலில் வைத்துக்கொண்டு, கால்மணி நேரம் திக்கித் திணறினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மூடின சாக்கடை அடைச்சா, மேல் கல்ல எடுத்துட்டுத் தொறந்து வெப்போம். அடைப்பு சுத்தமாப் போய் பூச்சு காஞ்சப்பறம் மறுபடி கல்ல மூடுவோம். அதானே?" என்றார். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் பெரிய டாக்டருக்கு ஒரே சந்தோஷம். அதன் பிறகு எல்லா நோயாளிக்கும் சாக்கடையை வைத்துத்தான் விளக்கினார். வாத்தியார் மட்டும் வருத்தப்பட்டார்.

முதல் கட்டம் நன்றாக ஆறிற்று. மேஸ்திரிக்கு ஜுரம் இல்லை, கம்பி இல்லை. சனிக்கிழமை பெஞ்சுக்கு வந்து, நோயாளியாக இல்லாமல் விருந்தாளியாக உட்கார்ந்து பீடி பிடித்துவிட்டுப் போனார். இரண்டாம் கட்டத்துக்கு மட்டும் வரவில்லை. சொன்ன மாதம் போயிற்று. அடுத்த மாதங்களும் போயின.

பெரிய டாக்டருக்குத் தாங்கவில்லை. "ஒரு ஆண்பிள்ளை ஆயுள் முழுக்க உட்கார்ந்து போவதா? அவன் மனசு என்ன பாடுபடும்? உங்கள் தெருப் பக்கம்தானே, போய்ப் பேசுங்கள்" என்றார். சீமைப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. நின்றபடி போகும் வசதியைத் திருப்பித் தருவதே இரண்டாம் கட்டத்தின் பயன் என்று.

எனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. கணவர் வீடும் ஆஸ்டின் டவுனிலேயே. நான் ஆண்கள் வார்டில் இருப்பது தெரியாமல் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் அவர்கள். அப்பா "பெரிய ஆஸ்பத்திரியில் வேலை" என்பதோடு நிறுத்தியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை மேஸ்திரி வீட்டு வாசலில் நின்று, ஆண்பிள்ளைகள் நின்று போவதன் பெருமையைப் பற்றி வழியெல்லாம் மனப்பாடம் செய்த உரையை ஒப்பித்தேன். அந்தப் பக்கமாகப் போன என் சின்ன மாமியார் எதையும் கேட்டிருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். கேட்டிருந்தார் என்பது வேறு கதை.

மேஸ்திரி வாய்விட்டுச் சிரித்தார்.

"இன்னா சிஸ்டர் இது? எங்கப்பன் நின்னுக்கினு போயி நான் பாத்ததே இல்ல. அவங்கப்பனும் அப்படித்தான். வேட்டி கட்டினவன் குந்தித்தான் போவான். நின்னுக்கினு போறவனுங்க பேண்ட் போட்டவனுங்க. டாக்டர் சாமிக்கு வேணும்னா அவர் மூடிக்கட்டும்."

அப்போதுதான் எனக்கே உறைத்தது. என் அப்பாவும் அப்படித்தான். எங்கள் தெருவில் பாதி ஆண்கள் அப்படித்தான். பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தும், சீமையில் அச்சான ஒரு வரியைச் சுமந்துகொண்டு வந்து நின்றேன். மனப்பாடம் செய்ததில் பாக்கி இருந்ததை விழுங்கிவிட்டுக் கிளம்பினேன்.

தெருக்குழாய் வரை கூடவே வந்தாள் அவர் மனைவி கன்னியம்மா. குடத்தைக் குழாயடியில் வைத்தாள். தண்ணீர் திறக்கவில்லை.

"சிஸ்டரம்மா, ஒண்ணு கேக்கட்டா? தப்பா நெனைக்கக் கூடாது."

"கேளும்மா."

"வழிய மாத்தி வெச்சிருக்காங்களே. அது மூத்திரத்துக்கு மட்டுமா, எல்லாத்துக்குமா?"

பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

"எங்க மாமியா எங்கூட பேசறதில்ல. நான் மலடியாம். ஓசூர்ல அவங்க அண்ணன் பொண்ணு கீது, அத இவருக்குக் கட்டி வெக்கணும்னு நிக்கறாங்க. இவரும் இப்ப வேணாம்னு சொல்றதில்ல. சும்னே இருக்காரு. நான் கோயிலுக்கெல்லாம் போய்ட்டேன். அதான் கேக்கறேன்."

உடற்கூறு பாடத்தில் நல்ல மார்க் வாங்கியவள் என்று மேலே எழுதினேன். அந்தப் படத்தைக் கலர் பென்சிலால் வரைந்து மிஸ்ஸிடம் பாராட்டு வாங்கியவளும் நானே. இரண்டுக்கும் ஒரே குழாய்தான் என்று ஆறாம் பாடத்தில் இருக்கிறது. விந்தும் அந்தத் திறந்த வழியிலேயே வெளியே போய்விட்டால் குழந்தை எப்படி உண்டாகும்? சர்ஜன், நான், நோயாளி மூன்று பேரும் மாதக்கணக்கில் பேசியதெல்லாம் மூத்திரத்தைப் பற்றி மட்டும்தான்.

"டாக்டரைக் கேட்டுச் சொல்றேன்" என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே வீரவாக்கியம் அது.

மறுநாள் பெரிய டாக்டரிடம் சொன்னபோது அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூட மறந்து நின்றார். பிறகு, "இரண்டு பேரையும் வரச் சொல்லுங்கள். அந்த அம்மாளும் வர வேண்டும்" என்றார். ஸ்டிரிக்சர் நோயாளியின் மனைவியை அந்த அறைக்குள் உட்காரச் சொன்னது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

எக்ஸ்ரே உறையின் பின்பக்கம் படம் போட்டு அவரே கன்னடத்தில் விளக்கினார். மேஸ்திரிக்குக் கன்னடம் நன்றாகவே புரியும். படத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். 

"மூடிட்டா கொழந்த உண்டாகுமா சாமி?"

"வாய்ப்பு உண்டு."

"திரும்ப அடைச்சுக்குமா?"

பெரிய டாக்டர் பொய் சொல்ல மாட்டார். "ஹேளக்காகல்லா" என்றார். சொல்ல முடியாது. சிலருக்கு நன்றாக இருக்கிறது, சிலருக்கு மூடிய இடத்தில் மறுபடி தழும்பு விழுகிறது, அப்போது பழையபடி கம்பிதான் என்றார்.

கம்பி என்றதும் மேஸ்திரியின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அந்த மனிதர் தலைமாட்டில் எத்தனையோ சனிக்கிழமை நின்றவள் நான். "சாமி, நீங்களே சொல்லுங்க" என்றார். "முடிவு நீங்கள்தான் எடுக்க வேண்டும்" என்றார் டாக்டர். கன்னியம்மா தரையைப் பார்த்தாள். அப்போதுதான் அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க சிஸ்டர்."

பெரிய டாக்டர் என்னைத் தடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பண்ணிக்கோங்க" என்றேன்.

வாழ்க்கையில் அவ்வளவு சீக்கிரம் நான் பதில் சொன்னதில்லை. அது எங்கிருந்து வந்தது? கன்னியம்மாவின் குனிந்த தலையிலிருந்தா? அல்லது மாதாமாதம் என்னைக் கேள்வியாகப் பார்த்துக்கொண்டிருந்த என் மாமியார் வீட்டிலிருந்தா? வலி அவருக்கு, ஆசை எனக்கு என்று ஆகிவிட்டதோ என்று அன்று சாயங்காலமே சந்தேகம் வந்துவிட்டது. மறுநாள் போய் வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று யோசிப்பதற்குள் மேஸ்திரி மூட்டையோடு வந்து கட்டிலில் படுத்துவிட்டார்.

ஆபரேஷன் வெகுநேரம் நடந்தது. அகலம் குறைந்தால் சுருங்கும், அதிகமானால் பையாகத் தொங்கும் என்று சொல்லிச் சொல்லித் தோலை அளந்து கோடு போட்டார் பெரிய டாக்டர். தோலை விலக்கிப் பிடிக்கும் கொக்கியைப் பிடித்திருந்த எனக்குக் கை மரத்துப்போயிற்று. ஆறும்வரை மூத்திரம் போக வைத்திருந்த ரப்பர் குழாயை எடுத்த நாளில், திரைக்கு உள்ளே மேஸ்திரியும் டிரஸ்ஸரும். வெளியே நாங்கள். வார்டில் அத்தனை கட்டிலும் பேச்சை நிறுத்திவிட்டன. எனாமல் பாத்திரத்தில் சத்தம் கேட்டது. பெரிய டாக்டர் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, கச்சேரி கேட்கிற மாதிரி கேட்டார். சத்தம் தடையில்லாமல் ஒரே சீராக வந்தது. அடுத்த கட்டிலில் இருந்தவர், "மேஸ்திரி, போதும்யா, நாங்களும் தூங்கணும்" என்றார். நான் அழுதேன். எதற்கென்று டிரஸ்ஸர் கேட்டார். தூசி என்றேன்.

கன்னியம்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதன் பின் எனக்கும் ஒன்று பிறந்தது. நான் வேலையை விட்டேன். பெரிய டாக்டர் ரிடையராகி ஊரோடு போய்விட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் ஆண்டு மலருக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். மேஸ்திரிக்கு மூத்திரத் தாரை மறுபடி மெலிந்துவிட்டது. அவர் திரும்பவும் சனிக்கிழமை பெஞ்சுக்குப் போகிறார். கம்பி, குளிர்ஜுரம், மறுநாள் வேலை இல்லை. பழையபடி எல்லாம்.

போன வாரம் குழந்தையோடு மூன்று பேரும் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மேஸ்திரி இளைத்திருந்தார். பெரிய டாக்டர் இடத்துக்கு வந்திருக்கும் சின்ன டாக்டர் சொல்கிறாராம்: மறுபடி திறந்து, மூடாமல் அப்படியே விட்டுவிட்டால் தொந்தரவு அநேகமாக இருக்காது. ஆனால் அதற்குப் பிறகு குழந்தை கிடையாது. இன்னொரு குழந்தை வேண்டுமானால், கம்பியோடு காலம் தள்ளிப் பார்க்க வேண்டியதுதான்.

"எங்கம்மாவுக்கு ஒரு பேரன் வேணுமாம் சிஸ்டர்" என்றார் மேஸ்திரி. "எனக்கும் ஆசைதான், இல்லன்னு சொல்ல மாட்டேன். கம்பியப் பல்லக் கடிச்சுக்கினு தாங்கிக்கலாம். போன தடவ நீங்க சொன்னீங்க, இந்தா, இவ வந்தா. இந்தத் தடவயும் நீங்களே சொல்லுங்க. கட்டடத்துல கான்கிரீட் போட்டு முடிச்சதும் வர்றேன்."

அவர் தெருவில் இறங்கிய பிறகு கன்னியம்மா குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள்.

"தொறந்து உட்டுடச் சொல்லுங்க சிஸ்டரம்மா. ஒண்ணு போதும் எனக்கு. ஜுரத்துல அவரு ஒடம்பு ஒதறறத நீங்க பாத்ததில்ல. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க. பேரன் வேணான்னு மருமவ சொன்னான்னா வீடு ரெண்டாயிரும்."

பேரன் இல்லையென்றால் மாமியார் ஓசூர்ப் பெண்ணை மறுபடி கிளப்புவாரா? மேஸ்திரி மறுபடி சும்மா இருப்பாரா? ஒருவேளை அடுத்ததும் பெண்ணாகப் பிறந்தால் அவர் பட்ட வலிக்கு என்ன கணக்கு? இல்லை, குழந்தை ஆசையை இன்னொருவர் சார்பில் முடித்து வைக்க நான் யார்? என் கணவரிடம் கேட்டேன். "நீ எதையாவது ஒன்றைச் சொல், அவர் பாவம்" என்றார். எந்த ஒன்று என்று அவரும் சொல்லவில்லை.

கான்கிரீட் வேலை மழையால் கொஞ்சம் தள்ளிப்போயிருக்கிறது. இதைப் படிக்கும் சகோதரிகள், வார்டில் இருப்பவர்களும் வீட்டில் இருப்பவர்களும், அவருக்கு நான் என்ன சொல்லலாம் என்று மலரின் முகவரிக்கு ஒரு கார்டு எழுதுங்கள். ஃபிலோமினா என்னிடம் சேர்த்துவிடுவாள். டாக்டரைக் கேட்கச் சொல்லுங்கள் என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். அவர் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் என்னிடம் வந்தார்.